செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மல்லாட்டை

நம் ப்ளஸ் ஒன் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் ஒரு படம் வந்தது. முட்டிவலி எண்ணெய்க் குறிப்புக்கும் யாருடைய பேத்தியோ காது குத்திக்கொண்ட படத்துக்கும் நடுவில், கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறக் கல் ஒன்று. இரண்டு முனையும் பருத்து, நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள் அது. ஒரு விண்கலம் பக்கமாகப் பறந்துபோகும்போது எடுத்திருக்கிறது. நீளம் சுமார் எட்டு கிலோமீட்டர். ஒரு முனையைத் திண்டிவனத்தில் வைத்தால் மறுமுனை ஒலக்கூர் பக்கம் போய் நிற்கும்.

படம் வந்த ஒரு நிமிஷத்தில் "அய்ய, மல்லாட்டை!" என்று ஒருத்தி எழுதினாள். பின்னாலேயே ஏழு மல்லாட்டை. நிலக்கடலை என்று எழுதியவள் ஒருத்திதான்; அவள் கல்யாணமாகி மதுரைப் பக்கம் போய் முப்பது வருஷம் ஆகிறது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது: "இதத்தானடி நம்ம ஸ்கூல்ல ஒருத்தி குடைக் கம்பில கட்டித் தொங்க வுட்டா? யாரு அவ?"

அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது என்றாள் ஒருத்தி. பரிசெல்லாம் இல்லை, பெரிய டீச்சர் கையால் அடிதான் கிடைத்தது என்றாள் இன்னொருத்தி. இரண்டும் தப்பு. செய்தித்தாளில் முப்பது வருஷம் அடுத்தவர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவள் நான். போதாததற்கு, அன்று அந்தக் குடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நானே. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவள் என் பெரியப்பா மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி வீட்டில் சட்டம் போட்டிருந்தார்கள், கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கம். அவர்கள் நிலமும் எங்கள் நிலமும் ஒரே வரப்பில் பிரியும். பத்தாவதை ஊர்ப் பள்ளியில் முடித்துவிட்டு இருவரும் திண்டிவனத்தில் ப்ளஸ் ஒன் சேரப் போனோம். ஹாலி வால்நட்சத்திரம் வந்துபோன வருஷம் அது.

கணக்கு, இயற்பியல், வேதியியல் இருக்கிற முதல் பிரிவு, அதாவது ஃபர்ஸ்ட் குரூப், அவளுக்கு வேண்டியிருந்தது. கணக்கில் இரண்டு மார்க் குறைந்தது. வரலாறும் வணிகவியலும் உள்ள மூன்றாம் பிரிவில் போட்டார்கள். நான் கேட்டே வாங்கிய பிரிவு அது, எனக்குக் குறையில்லை. அவள் அன்று திண்டிவனத்திலிருந்து ஊர் வரும்வரை பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இறங்கும்போது உள்ளங்கை முழுக்கத் துரு.

பெரியப்பா வாசலில் காத்திருந்தார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது ஃபர்ஸ்ட்டு, செகண்டு, தேர்டு. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் பத்தாவதில் ஃபர்ஸ்ட் வந்தவர்களை உட்கார வைக்கும் வகுப்பு என்று நினைத்திருந்தார். ஊர்ப் பள்ளியில் ஃபர்ஸ்ட் வந்தவள் அவர் மகள்தான்.

"ஃபர்ஸ்ட்டு குரூப்புதானே?" என்று கேட்டார்.

"ம்" என்றாள்.

மறுநாளே அவர் மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் கமிட்டிக்குப் போனார். விவசாயிகள் விளைந்ததை ஏலத்துக்குக் கொண்டுபோகும் விற்பனைக்கூடத்துக்குக் கமிட்டி என்றுதான் பேர். அன்றைக்கு என் அப்பாவும் கூடப் போயிருந்ததால் அங்கே நடந்த பேச்சு அப்படியே வீட்டுக்கு வந்துசேர்ந்தது.

"எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டு குரூப்புங்க, டவுன் ஸ்கூல்ல."

"அடேயப்பா. எங்க ஊட்டுப் பையன் அது கெடைக்காம பேஜாராயி சுத்திக்கினு இருக்கான். உம் பொண்ணுக்கு எப்பிடி கெடச்சிது?"

"ஃபர்ஸ்ட்டு வந்தா ஃபர்ஸ்ட்டு குரூப்பு. இதுல இன்னாங்க கேள்வி?"

இதைக் கேட்டபோது அவள் முகம் வெளுத்தது. "நீ எதுனா ஒளறின, வரப்புலேர்ந்து தள்ளிடுவேன்" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்குச் சொல்றேன்? ரேங்க் கார்டு சொல்லும்."

ஜூலை ஆரம்பத்தில் முதல் பிரிவில் ஒரு பெண் பாலிடெக்னிக் கிடைத்துப் போய்விட்டாள். ஒரு இடம் காலி. கேட்டவர்கள் நான்கு பேர். மார்க் வரிசையில் என் பெரியப்பா மகள் நான்காவது. ஜூலை கடைசியில் பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மாற்றம் கிடையாது. அவள் பெரிய டீச்சர் அறைக்குப் போய் நின்றாள். பெரிய டீச்சர் என்று நாம் சொன்னது தலைமையாசிரியையை. அவர் தலை நிமிராமல், "விழுப்புரத்துல அறிவியல் கண்காட்சி வருது. பரிசோட வா, யோசிக்கிறேன்" என்றார். அனுப்பிவைப்பதற்குச் சொன்ன பதில் என்று இன்று எனக்குப் புரிகிறது. அவளுக்கு அது வாக்குறுதியாகக் கேட்டது. அந்த ஒரு 'ம்'மை நிஜமாக்க மூன்று வாரம் இருந்தது.

சூரியக் குடும்பம் செய்வதென்று முடிவாயிற்று. துணி கிழிந்த குடை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. கம்பிகளில் கிரகங்களைத் தொங்கவிட்டு, காம்பைச் சுற்றினால் எல்லாம் சுற்றும். பழைய செய்தித்தாளை வெந்தயத்தோடு இரண்டு நாள் ஊறவைத்து ஆட்டுரலில் அரைத்து உருண்டை பிடித்தோம். அந்த வாரம் எங்கள் வீட்டு இட்லியில் அச்சு மை வாசனை வந்தது. அம்மா என்னை விளக்குமாற்றோடு தேடினாள். சனிக்கு என் பிளாஸ்டிக் வளையல். செவ்வாய்க்குச் செம்மண். சிறுகோள்களுக்கு வந்தபோது காகிதக் கூழ் தீர்ந்துவிட்டது. அவள் உள்ளே போய் ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து கொட்டினாள்.

"இன்னாடி இது?"

"சிறுகோள்."

"மல்லாட்டைடி."

"மார்ச் மாசம் பேப்பர்ல ஹாலி படம் போட்டான் இல்ல? அது இன்னா மாதிரி இருந்துச்சி?"

மூன்று நாள் விடியற்காலையில் கொல்லையில் நின்று தேடியும் வால்நட்சத்திரம் எங்கள் கண்ணில் படவில்லை. விண்கலம் ஒன்று அதன் அருகே போய் எடுத்த படம் மட்டும் செய்தித்தாளில் மங்கலாக வந்தது. அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருந்தாள். நீளமாக, நடுவில் கொஞ்சம் நெளிந்து, ஆமாம், மல்லாட்டை மாதிரிதான் இருந்தது. "அதுவே அப்பிடின்னா மத்த கல்லு மட்டும் உருண்டையா இருக்கணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

அவள் அள்ளியது ஆடியில் விதைக்க வைத்திருந்த மூட்டையிலிருந்து. நன்றாக முற்றிய, இரண்டு பருப்புக் காய்களாகப் பொறுக்கி வைத்திருந்தார் பெரியப்பா.

"வெதைக்கு வெச்ச மூட்டைய எவ அவுத்தது?"

"படிப்புக்குப்பா."

"படிப்புக்கா?" குரல் உடனே இறங்கிவிட்டது. "அப்ப இன்னும் ரெண்டு கைப்புடி எடுத்துக்க. ஃபர்ஸ்ட்டு குரூப்புல இதெல்லாங்கூட கேக்கறாங்களா?"

கோந்து தடவிச் சாம்பலில் புரட்டினோம். நூலில் கட்டித் தொங்கவிட்டது நாற்பத்தெட்டு. எண்ணியது நான்.

குடையை மடக்க முடியாது, நூல் சிக்கிவிடும். விரித்தபடியே திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலில் ஏற்றினோம். எதிர் சீட்டில் கூடையோடு ஒரு அம்மா.

"ஒரு பொட்டலம் எவ்ளோம்மா?"

"விக்கறதுக்கு இல்லீங்க. கிரகம்."

"கெரகமா? எந்தக் கெரகமா இருந்தா எனக்கின்னா. பச்சையா, வறுத்ததா?"

அந்த அம்மா விக்கிரவாண்டியில் இறங்கும்போது மீதி நாற்பத்து நான்கு. விழுப்புரத்தில் கண்காட்சிக் கூடத்தில் நிலைமை மோசமாயிற்று. எங்களுக்கு இடப்பக்கம் சாண எரிவாயு, வலப்பக்கம் புகைகிற எரிமலை. பார்க்க வந்தவர்கள் எரிமலையைப் பார்த்துக்கொண்டே எங்கள் பக்கம் கையை நீட்டினார்கள். சாம்பல் ஓட்டின்மேல்தான், உள்ளே பருப்புக்கு ஒரு குறையும் இல்லை. வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவர் தனியாக மூன்று சிறுகோள்களைத் தின்றார். நடுவர்கள் வரும்போது மீதி பத்தொன்பது.

அதற்குச் சற்று முன்னால் வாசலில் பெரியப்பா தெரிந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார், வெளுத்த வேட்டியில். மாதிரியின் முன்னால் "பதினொன்றாம் வகுப்பு, மூன்றாம் பிரிவு" என்று அட்டை நின்றுகொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் குப்புற வைத்தாள்.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். மற்றவர் கல்வி அலுவலர். பேராசிரியர் குடையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது? சூரியக் குடும்பத்துல பலசரக்குக் கடை போட்டிருக்கே?"

"சிறுகோள் சார். மல்லாட்டை."

"நிலக்கடலைன்னு சொல்லு. நாலு பேர் வர்ற இடத்துல நல்ல தமிழ்ல பேசணும்."

"சரிங்க சார். நிலக்கடலை."

"சிறுகோள் உருண்டையா இருக்கும். உருட்டறதுக்குச் சோம்பேறித்தனம், அதானே?"

"உருண்டை ஆகறதுக்குக் கை வேணும் சார்."

"என்ன கை?"

"மல்லாட்டை உருண்டை புடிக்கறப்ப கையால அழுத்தணும் இல்லீங்களா? பெரிய கிரகத்துக்கு அதோட ஈர்ப்பு விசைதான் கை. எல்லாப் பக்கத்துலேர்ந்தும் உள்ள இழுத்து இழுத்து உருண்டை ஆக்கிடும். சின்னக் கல்லுக்குக் கை கெடையாது. எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே கெடக்கும்."

கல்வி அலுவலர் அவளை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்தார். பேராசிரியர் விடவில்லை. "சரி. நடுவுல எதுக்கு இடுப்பு?"

இதற்கு அவள் தயாரித்து வரவில்லை. எனக்குத் தெரியும், ஒத்திகை பார்த்தவள் நான். ஒரு காயை விரலால் பிடித்து நிறுத்திப் பார்த்தாள்.

"ரெண்டு கல்லு மெல்லமா வந்து ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சிருக்கும் சார். வேகமா மோதியிருந்தா ஒடஞ்சிருக்கும். மெல்லமா வந்ததால ஒட்டிக்கிச்சி."

"நீ போய்ப் பார்த்தியா?"

"இல்ல சார்." பிடித்திருந்த காயை விட்டுவிட்டு, "நீங்க பாத்தீங்களா சார்?"

எரிமலைக்காரப் பெண்கள்கூட எங்கள் பக்கம் திரும்பினார்கள். கூட்டத்திலிருந்து பெரியப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "ஒத்தப் பருப்புக் காய்தாங்க உருண்டையா இருக்கும். ரெண்டு பருப்புன்னா இடுப்பு உண்டு."

"நீங்க யாருங்க?"

"பயிர் வெக்கறவன்."

கல்வி அலுவலர் இருமினார். அப்போதுதான் தன் கையில் உடைந்த ஓடு இருப்பதைக் கவனித்தார். பதினெட்டு. பேராசிரியர் தாளில் எழுதியதைத் தலைகீழாக நான் வாசித்தேன்: "கற்பனை அதிகம். வடிவம் தவறு."

அந்தப் பேராசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைய தேதியில் மனிதன் செய்த எந்தக் கருவியும் ஒரு சிறுகோளின் பக்கத்தில் போனதில்லை. அவருக்கும் அவளுக்கும் இருந்தது ஒரே அளவு இருட்டு. ஐந்து வருஷம் கழித்துத்தான் முதல் சிறுகோளை அருகிலிருந்து படம் எடுத்தார்கள். அது உருண்டையாக இல்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நம் கண்ணெதிரே. சிறுகோளில் இறங்கி ஒரு கைப்பிடி சரளையை அள்ளிப் பூமிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்னொன்றின்மேல் வேண்டுமென்றே ஒரு கலத்தை மோதவிட்டு அதன் பாதையை மாற்றினார்கள். நிலாவின் தென்துருவப் பக்கத்தில் நம் நாட்டுக் கலமே போய் உட்கார்ந்தது. புளூட்டோவுக்கும் அப்பால் இரட்டைக் கல் ஒன்றைப் படம் எடுத்தபோது, இரண்டு கல்லும் ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்தச் செய்தி என் மேஜைக்குத்தான் வந்தது. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் அனுப்பினேன்.

ஆனால் அன்று பரிசு இல்லை. கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாள். பெரியப்பா ஊர் வரும்வரை பக்கத்திலிருந்தவர்களிடம் பேசிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த உள்ளூர் நிருபருக்கு எரிமலை அலுத்திருக்க வேண்டும். "திண்டிவனம் பள்ளியின் முதல் பிரிவு மாணவி, சிறுகோள்களை மணிலாக் கொட்டையால் செய்து காட்டி அளித்த விளக்கம் பார்வையாளர்களைக் கவர்ந்தது."

முதல் பிரிவு. அட்டை குப்புறக் கிடந்ததால் நிருபர் பக்கத்தில் நின்ற பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறார். பெரியப்பா தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

பெரிய டீச்சர் செய்தித்தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"யார் சொன்னது இது?"

"எங்கப்பா டீச்சர்."

"அவருக்கு யார் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "நான்தான் டீச்சர். கேட்டாரு, 'ம்'னு சொல்லிட்டேன்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேப்பர்ல பொய் நிக்கக் கூடாது. ரெண்டே வழி. நான் மறுப்பு எழுதிப் போடணும், இல்லன்னா இது நிஜமாகணும். மார்க் வரிசைய விட்டுடறேன். வெள்ளிக்கிழமை நாலு பேரும் கணக்கு டெஸ்ட் எழுதுங்க. முதல்ல வர்றவளுக்கு சீட்டு. அது நீ இல்லன்னா சனிக்கிழமை மறுப்பு போகும். உங்கப்பா தப்பாச் சொல்லிட்டார்னு அவர் பேரோட எழுதுவேன்."

அதுவரை ஒரு பிரிவுதான் போவதாக இருந்தது. இப்போது கமிட்டியில் பெரியப்பாவின் பேரும் சேர்ந்து போகும்.

நான்கு நாள். முதல் பிரிவில் நடந்துமுடிந்த பாடம் முழுவதையும் ஒரு நோட்டிலிருந்து படித்தாள். அந்த நோட்டைக் கொடுத்தவள் நம் குழுவில்தான் இருக்கிறாள். முட்டிவலி எண்ணெய் அவளுடையது. பஸ்ஸில் நின்றபடி படித்தாள். மோட்டார் கொட்டகையில், தண்ணீர் விழுகிற சத்தத்தில், கரித்துண்டால் சுவர் முழுக்கக் கணக்குப் போட்டாள். பெரியப்பா மடை மாற்ற வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட்டு குரூப்புன்னா சும்மாவா" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம், வேதியியல் கூடத்தில் நான்கு மூலையில் நான்கு பேர். ஸ்பிரிட் வாசனை. நாமெல்லாம் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். பத்து கணக்கு. கணக்கு டீச்சர் அங்கேயே சிவப்புப் பேனாவால் திருத்தினார். ஒருத்திக்கு ஏழு. ஒருத்திக்கு ஐந்து. மூன்றாமவள் கெட்டிக்காரி, அவளுக்கு ஒன்பது. கடைசியாக என் பெரியப்பா மகளின் தாள். ஒன்பது சரி. பத்தாவதில் பேனா நின்றது.

"இது எந்த வழி? நான் நடத்தலையே."

"நானாப் போட்டேன் டீச்சர். தப்பா?"

கணக்கு டீச்சர் தாளின் பின்பக்கத்தில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அடித்தார். மறுபடி போட்டார். ஜன்னல் கம்பியில் யாரோ ஒருத்தி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளைத் திருப்பி ஒரு பெரிய சரி போட்டார், தாள் கிழிகிற அழுத்தத்தில்.

பத்து.

பெரிய டீச்சர் பதிவேட்டில் ஒரு இடத்தில் அடித்து, இன்னொரு இடத்தில் எழுதி, மை உறிஞ்சும் தாளால் ஒற்றினார். "மறுப்பு எழுதற வேலை மிச்சம்" என்றார். முப்பது வருஷம் அச்சுப்பிழைகளோடு வாழ்ந்த எனக்குத் தெரிந்து, தானாகச் சரியாகிப்போன பிழை அது ஒன்றுதான்.

அவள் இப்போது கண்டமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. வாட்ஸ்அப்பெல்லாம் அவளுக்கு ஆகாது, குழுவில் இல்லை. அந்தப் படத்தை நான் மின்னஞ்சலில் தனியாக அனுப்பினேன். வகுப்பு முடிந்தபிறகு பதில் வந்தது: "ரெண்டு பருப்பு சரி. மூணு பருப்புக் காய் ஒண்ணும் எங்கியோ சுத்திக்கினு இருக்கும். அதையும் பாக்கத்தான் போறோம்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். பஸ் நிற்பதற்குள் அவள் குதித்து ஓடினாள். ஆடி மழை பெய்து ஈரம் கண்டிருந்தது. பெரியப்பா ஏர் போன சாலில் விதை போட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று மூச்சு வாங்கக் கத்தினாள்.

"அப்பா! எனக்கு ஃபர்ஸ்ட்டு குரூப்பு கெடச்சிடுச்சி!"

பெரியப்பா நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பின்னால் வந்த என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு இன்னாம்மா ஆச்சி? அதான் ஜூன் மாசமே கெடச்சிதே?"

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் தாங்கவில்லை. கண்ணில் நீர் வருகிறவரை சிரித்துவிட்டு, எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, நான்கு கொல்லைக்குக் கேட்கிற மாதிரி மறுபடியும் கத்தினாள்: "ஃபர்ஸ்ட்டு குரூப்புப்பா!"

"தெரிஞ்ச சேதிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்?" என்றார் பெரியப்பா. "வெதைய மிதிக்காம அந்தாண்ட நின்னு கத்து."